கள்ளிச்செடித் துரை

‘வீட்டுக்கு வாங்க’ என்று சொன்னால் உண்மையாகவே வந்துவிடுகிற மனிதன் ஒருவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. அதைச் சொல்ல எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி முதல் நாளே ‘துரை’ என்றார், அதுவே நிலைத்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் அவனுக்கும் சந்தோஷம். அது மரியாதையா கிண்டலா என்று அவன் கேட்டதில்லை. இரண்டும்தான்.

மைசூரில் ஹெப்பாள் பக்கம் எந்திர பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நிர்வாகப் பிரிவில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து பெரிய எந்திரம் ஏதாவது வந்தால் கூடவே ஓர் ஆளும் வருவான். எந்திரத்தை இறக்குவது கிரேன்காரர் பொறுப்பு, ஆளை இறக்குவது என் பொறுப்பு. வீடு பிடித்துத் தர வேண்டும், போலீஸில் பதிவு செய்ய வேண்டும், கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லித் தர வேண்டும். துரை பெல்ஜியத்திலிருந்து வந்தான். பெல்ஜியம் என்றால் நமக்குக் கண்ணாடிதானே. ‘பெல்ஜியம் கண்ணாடி ஊரா?’ என்று ஆளாளுக்கு அவனைக் கேட்டார்கள். அந்தக் கண்ணாடியைப் பற்றி அவன் கேள்விப்பட்டதே இல்லையாம். சொந்த ஊர்க் கண்ணாடியில்கூட முகம் பார்க்காதவன் என்று நான் அப்போதே முடிவு கட்டினேன்.

அவனுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் எனக்குத் தொல்லை தராதவர்கள். ஹோட்டல் அறையில் பீர் குடித்துவிட்டு, குழம்பு காரம் என்று புலம்பிவிட்டு, எந்திரம் ஓடத் தொடங்கியதும் விமானம் ஏறிவிடுவார்கள். இவன் இளம் வயது, கல்யாணம் ஆகவில்லை, இரண்டு வருட ஒப்பந்தம். வந்த நாளே என்னிடம், “எனக்கு இங்கே நண்பர்கள் வேண்டும்” என்றான், அதுவும் நான் கடையில் வாங்கித் தர வேண்டிய சாமான் போல.

மைசூரில் ஒருவரைக் காலையில் பார்த்தால் ‘திண்டி ஆய்தா?’ என்பார்கள். மதியம் பார்த்தால் ‘ஊட்டா ஆய்தா?’ சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை, கேட்டவர் அதற்குள் நாலு அடி தள்ளிப் போயிருப்பார். துரை அவரைக் கூப்பிட்டு நிறுத்திப் பதில் சொன்னான். காலையில் ரொட்டி சாப்பிட்டதை, வெண்ணெய் அவ்வளவு சரியில்லாததை, முந்தின நாள் வயிறு லேசாகக் கலக்கியதை, அது இப்போது பரவாயில்லை என்பதை. செக்யூரிட்டி மரியாதைக்கு நின்று கேட்டுக்கொண்டிருக்க, வாசலுக்கு வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து துரையைக் கண்டால் அவர் வாயைத் திறப்பதில்லை, வெறும் சல்யூட்தான்.

அடுத்து மாட்டியது கணக்குப் பிரிவு நாகராஜு. சாயங்காலம் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற துரையிடம், ‘ஒம்மே மனேகே பன்னி’ என்றிருக்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வா. ஸ்கூட்டர் உடனே கிளம்பியிருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். அன்றைக்குப் பார்த்து அது நாலைந்து உதை வாங்கியது. அதற்குள் துரை போனை எடுத்து நாட்காட்டியைத் திறந்து, “எந்த நாள்?” என்று கேட்டுவிட்டான். நாகராஜு விளையாட்டு என்று நினைத்து, “சண்டே” என்றார்.

ஞாயிறு காலை குவெம்பு நகரில் நாகராஜு வீட்டு வாசலில் துரை நின்றான். கையில் சின்னப் பீங்கான் தொட்டியில் ஒரு கள்ளிச்செடி. நாகராஜு இடுப்பில் துண்டோடு, தலையில் கறுப்பு டை அப்பிக்கொண்டு, அது காய்வதற்காக வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மெத்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். துரை உப்புமா சாப்பிட்டான், பிறகு மதியச் சாப்பாட்டுக்கும் இருந்தான், டிவியில் போட்ட கன்னடப் படத்தை முழுக்கப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினான். நிம்மதியில் நாகராஜு வழக்கம்போல, ‘பர்தா இரி’ என்று சொல்லித் தொலைத்தார். வந்துகொண்டே இரு என்று அர்த்தம். அடுத்த ஞாயிறும் போய் நின்றான்.

திங்கட்கிழமை நாகராஜு என் மேஜைக்கு வந்து கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுத முடியாது. கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதலாம். “ஏன்ரீ, உங்க ஆளுக்கு மனுஷப் பாஷை சொல்லிக் குடுங்க ரீ!”

கேன்டீனில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்.

“நான் வருவதில் விருப்பமில்லை என்றால் ஏன் ‘வா’ என்கிறீர்கள்?” என்று கேட்டான்.

“கூப்பிடுவதில் விருப்பம் உண்டு. வருவது வேறு விஷயம்” என்றேன்.

“எங்கள் ஊரில் சொந்த அக்காவோடு காபி குடிக்க மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். இங்கே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்?”

“சரி, இதையாவது தெரிந்துகொள். நீ ஒருவரைக் கூப்பிட்டு அவர் ‘பார்க்கலாம்’ என்றால் சந்தேகம். ‘ட்ரை மாட்தீனி’, முயற்சி செய்கிறேன் என்றால் வரமாட்டார். ‘கண்டிதா பர்தீனி’, கண்டிப்பாக வருகிறேன் என்று அடித்துச் சொன்னால் அன்றைக்கு அவர் ஊரிலேயே இருக்கமாட்டார்.”

“அப்படியானால் வரப்போகிறவர் என்ன சொல்வார்?”

“ஒன்றும் சொல்லமாட்டார். வந்து நிற்பார்.”

துரை வயிறு குலுங்கச் சிரித்தான். “அப்படியானால் மைசூரில் நான் ஒருவன்தான் உண்மையானவன்” என்றான். இதற்கு மேல் அவனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

பிறகு கல்யாண மாதங்கள் வந்தன. ஆபீஸில் கல்யாணப் பத்திரிகை என்பது நோட்டீஸ் மாதிரி, மேஜை மேஜையாக வைத்துக்கொண்டே போவார்கள். ‘குடும்ப சமேதராக’ வரவேண்டும் என்று அதில் போட்டிருப்பதை யாரோ அவனுக்குப் படித்துச் சொல்ல, பெல்ஜியத்திலிருந்து அம்மாவை வரவழைக்க வேண்டுமா என்று என்னிடம் வந்து கவலையோடு கேட்டான். வேண்டாம், தேவராஜ அர்ஸ் ரோட்டில் ஒரு ஜிப்பா எடுத்துக்கொள் போதும் என்றேன். க்ரீம் நிறத்தில், கழுத்தைச் சுற்றி ஜரிகை வைத்த பட்டு ஜிப்பா ஒன்று எடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணம் விடாமல் போனான்.

போன இடத்திலெல்லாம் ராஜ மரியாதை. வெள்ளைக்காரன் ஒருவன் ஆல்பத்தில் இருந்தால் சம்பந்தி வீட்டில் ஒரு மதிப்பு. பெண்ணின் தாய்மாமனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இவனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்த கல்யாணத்தை நானே பார்த்தேன். மாமன் கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காரவில்லை. அதன் பிறகு யார் யாரோ என் மேஜைக்கு வந்து, ‘உங்க துரைக்கும் ஒரு பத்திரிகை’ என்று வைத்துவிட்டுப் போனார்கள். நாதஸ்வரக்காரரைப் பேசுவது போல இவனையும் பேசி வைத்தார்கள். அது புரியாமல் தனக்கு நானூறு நண்பர்கள் என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். மேடையில் நின்றுகொண்டே என் காதில், “இதில் நமக்குத் தெரிந்தது யார், பையனா பெண்ணா?” என்று கேட்பான்.

எல்லாக் கல்யாணத்துக்கும் அன்பளிப்பு அதே கள்ளிச்செடிதான். தண்ணீர் கேட்காது, கவனிப்புக் கேட்காது, எதையும் தாங்கி நிற்கும், தாம்பத்தியமும் அப்படி இருக்க வேண்டும் என்று விளக்கம் வேறு. தாலி கட்டுகிற இடத்துக்கு முள்ளைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? வாங்கிய கையோடு யாராவது ஓர் அம்மாள் அதை மணமேடைக்குப் பின்னால் காலாலேயே தள்ளிவிடுவார். அடுத்த முகூர்த்தக்காரர்கள் வந்து கூட்டும்போது அது குப்பைக்குப் போகும்.

இத்தனை வீட்டில் சாப்பிட்டவன், தன் வீட்டுக்கு வா என்று எங்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டதில்லை. அவனுடைய அசல் கூட்டம் வேறு. மைசூரிலேயே கோகுலம் பகுதியில் ஒரு மொட்டைமாடிக் காபிக் கடை உண்டு. யோகா படிக்க வந்த வெள்ளைக்காரர்கள் அங்கே கால்களை மடித்து உட்கார்ந்திருப்பார்கள். இந்தியாவைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம். ஒரு முறை அவன் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனான். தோளில் கை போட்டு, “இவன்தான் என் இந்தியக் குடும்பம்” என்று அறிமுகம் செய்தான். எனக்கு என் குடும்பத்தையே தாங்க முடியவில்லை. நெற்றியில் துணி கட்டிய பெண் ஒருத்தி என் கண்களை உற்றுப் பார்த்து, “எப்படி உங்களால் இவ்வளவு அமைதியாக இருக்க முடிகிறது?” என்று கேட்டாள். கீழே நோ பார்க்கிங்கில் விட்டிருந்த என் ஸ்கூட்டரைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்கும் வந்தான். வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்று ‘ஏதாவது வேண்டுமென்றால் வீட்டுக்கு வா’ என்று நான் சொல்லியிருந்தேன். அது என் உத்தியோகம். அவன் கணக்கில் அது அழைப்பு. ஞாயிறு பிறந்தால் என் மகள் ஜன்னலிலிருந்து, “அப்பா, துரை அங்கிள் மத்தே பந்தரு!” என்று கத்துவாள். திரும்பவும் வந்துவிட்டாராம். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் வாய்க்குள் நிற்கும். என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, “வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, நீங்களே போய் உக்காந்து பேசுங்க” என்பாள்.

அப்போது என் அம்மா எங்களோடு இருந்தார். எங்கள் சொந்த ஊர் மார்டள்ளிப் பக்கம். கர்நாடகம்தான், ஆனால் ஊரே தமிழ் பேசும். வைத்தியத்துக்காக அம்மா மைசூர் வந்திருந்தார், மாட்டையும் மக்காச்சோளத்தையும் பார்த்துக்கொண்டு அப்பா ஊரிலேயே இருந்தார். எல்லாரும் சலித்துக்கொண்ட அந்த ஆளை அம்மாவுக்கு மட்டும் பிடித்துப்போனது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. துரை ராகிக் களியைக் கீரைக் குழம்பில் புரட்டி, தட்டை வழித்துச் சாப்பிடுவான். ‘நல்லாத் திங்கறான்’ என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அம்மாவிடம் கிடையாது. அவருக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது, அவனுக்குத் தமிழே தெரியாது. இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

ஒருநாள் கிளம்பும்போது அவன் புதிதாகக் கற்ற தமிழில், “அம்மா, போறேன்” என்றான். அம்மா பதறிப்போனார்.

“அட சாமி, போறேன்னு சொல்லக்கூடாதுடா! போயிட்டு வர்றேன்னு சொல்லோணும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் அவனுக்கு அதே பாட்டு. போலீஸ் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “போயிட்டு வர்றேன்.” பல் பிடுங்கிய டாக்டரிடம், “போயிட்டு வர்றேன்.” மீட்டிங் நடுவே பாத்ரூமுக்கு எழுந்தால் அதற்கும்.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தார். ஊருக்கு எடுத்துக்கொண்டு போனோம். நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்பது நம் வழக்கம். நான் யாரையும் கூப்பிடவில்லை. செய்தி கேட்டதும் கம்பெனியில் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். என் பதவி உயர்வு விஷயத்தில் மனஸ்தாபப்பட்டு என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த நாகராஜு முதலில் இறங்கினார். எல்லாரும் இறங்கிய பிறகும் நான் பஸ் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரை வரவில்லை.

நாகராஜுதான் சொன்னார். “ஜன்னல்ல நின்னு பஸ்ஸப் பாத்துட்டே இருந்தான் ரீ. வரலையான்னு கேட்டேன். ‘அவங்க வீட்ல என்னைக் கூப்பிடலையே, கூப்பிடாம போனா தப்பில்லையா’ங்கறான்.”

யார் யார் கல்யாணத்துக்கோ போய்ப் பல்லைக் காட்டியவன், தனக்குக் களி கிண்டிப் போட்டவளின் சாவுக்குப் பத்திரிகை எதிர்பார்த்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அம்மா போன துக்கமே சற்று நேரம் மறந்துபோனது.

சில நாள் கழித்து அவனே போன் செய்தான். “நான் காத்திருக்கிறேன். நான் வரலாம் என்றால் நாளும் நேரமும் சொல்” என்றான். நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டேன். “சாவுக்கு எவனும் கூப்பிட மாட்டான்டா! வரணும்னு நெனைக்கிறவன் வருவான்!” என்று தமிழிலேயே கத்திவிட்டு வைத்தேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

கம்பெனியில் நாளை விசாரித்துக்கொண்டு காரியத்தன்று வந்துவிட்டான். கொள்ளேகாலில் மாறி, ஹனூரில் மாறி, நாலு மணி நேரம் பஸ்ஸில் நசுங்கி வந்திருந்தான். உடம்பில் அந்தக் க்ரீம் நிற ஜரிகை ஜிப்பா. கையில் கள்ளிச்செடி. எங்கள் வீட்டுக்குப் போகிற மண் ரோட்டில் இரண்டு பக்கமும் வேலி முழுக்கக் கள்ளிதான். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், கள்ளி வேலிக்குள் கள்ளி கொண்டுவந்தவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பாவிடம் அதை நீட்டினான். அப்பா செடியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், வாங்கித் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்தார்.

காரியம் முடிந்து சாப்பாடும் ஆனது. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தார்கள். எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. ‘போயிட்டு வர்றேன்’ என்ற பேச்சே அங்கே ஆகாது, இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இதை அம்மா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதற்கு முன்னால் அந்த வாய்ப்பு வரவில்லை.

துரை அப்பாவின் முன்னால் போய் நேராக நின்றான். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஓர் எழுத்துப் பிசகாமல், “அப்பா, போயிட்டு வர்றேன்” என்றான்.

“அய்யய்யோ, எழவு வூட்டுல என்ன பேச்சுப் பேசறான் இவன்!” என்று அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். பங்காளி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். நான் ஓடிப்போய்த் துரையின் கையைப் பிடித்தேன். அப்பா தலை தூக்கினார். காரியம் முடிகிறவரை அவர் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

“விடுங்க அவன. எல்லாரும் சொல்லிக்காமப் போறீங்க. அதுதான் மொறை, அப்படித்தான் போவோணும். இந்தப் பையன் ஒருத்தன்தான் வர்றேன்னு சொல்றான்.” பிறகு அவனைப் பார்த்து, “வா சாமி. வந்துட்டுப் போ” என்றார்.

பஸ் ஏற்றிவிடும்போது, “சரியாகச் சொன்னேனா?” என்று துரை கேட்டான். உச்சரிப்புச் சரியாக இருந்தது என்றேன்.

அன்றிலிருந்துதான் எனக்குச் சனி பிடித்தது. அப்பாவைத் தனியாக விட எனக்கு மனமில்லை. மைசூருக்கு வாங்க என்றேன். சோளம் அறுத்துட்டு என்றார். அறுத்தாயிற்று. மாட்டை வித்துட்டு என்றார். அதுவும் ஆயிற்று. பிறகு, “அந்தத் தொரை வர்றேன்னு சொல்லியிருக்கானே. அவ்வளவு தூரம் வந்து பூட்டுன வூட்டப் பாத்துட்டுப் போவோணுமா?” என்று ஆரம்பித்தார். அவனால் கட்டிலில் காலை மடக்கி உட்கார முடியவில்லையாம், ஹனூர்ச் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பஸ் வருகிற நேரத்துக்கு அதை வாசலில் போட்டு வைக்கிறார் என்று அத்தை போனில் சொன்னாள். ஒரு முறை தொட்டியடியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அத்தை போய்ப் பார்க்கிறவரை அங்கேயே கிடந்திருக்கிறார். எதற்குத் தொட்டியடிக்குப் போனீர்கள் என்றால், கள்ளிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவாம். கள்ளிக்கு!

துரையிடம் போய் நின்றேன். நான் அவனிடம் எதையும் கேட்டது அந்த ஒரு தடவைதான். “அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வா. அவர் மனசு ஆறிவிடும், நானும் கையோடு கூட்டிவந்துவிடுவேன்” என்றேன். அவன் போனில் நாட்காட்டியைத் திறந்தான். இந்த ஞாயிறு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கல்யாணம். அடுத்த ஞாயிறு மொட்டைமாடிக் கூட்டத்தோடு கோகர்ணம். அதற்கடுத்து இரண்டு கல்யாணம், ஒரு கிருகப்பிரவேசம். “பார்க்கலாம்” என்றான். எங்கள் ஊர்ச் சாவு வீட்டுக்குப் போன கதையை அந்த மாடியில் உட்கார்ந்து அவன் பலமுறை சொல்லியிருந்தான் என்பது எனக்குத் தெரியும். கதை கிடைத்தாகிவிட்டது, இனி அங்கே போய் அவனுக்கு ஆவது என்ன?

ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த எந்திரம் வியட்நாமில். கிளம்புவதற்கு முன்னால் மொட்டைமாடியில் விருந்து வைத்தான், எங்கள் கம்பெனியிலிருந்து என்னையும் நாகராஜுவையும் கூப்பிட்டான். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் அழைப்பு. எல்லாரையும் கட்டிப்பிடித்து, “வியட்நாமுக்கு வாருங்கள், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்றான். நாகராஜு நிதானமாகக் கண்ணாடியை மாட்டினார், போனை எடுத்தார், நாட்காட்டியைத் திறந்தார்.

“எந்த சண்டே?” என்றார்.

துரையின் முகம் காதுவரைக்கும் சிவந்தது. “சொல்கிறேன், சொல்கிறேன்” என்று அடுத்த ஆளைக் கட்டிப்பிடிக்கப் போய்விட்டான். படி இறங்கும்போது நாகராஜுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஆள் தேறிட்டான் ரீ!” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்டள்ளிக்குப் போகாமலே, அப்பாவிடம் போனில்கூட ஒரு வார்த்தை பேசாமலே துரை விமானம் ஏறினான்.

அப்பாவிடம் அதைச் சொன்னேன். “வியட்நாம் எங்கீருக்குது?” என்று கேட்டார். தூரம் என்றேன். “கொள்ளேகால் பஸ்தான புடிக்கோணும், எங்கிருந்து வந்தா என்ன” என்றார். நாற்காலி வாசலிலேயே கிடந்தது.

அதற்கடுத்த கோடையில், இந்தத் தடவை கூட்டிக்கொண்டுதான் திரும்புவது என்று முடிவு செய்து ஊருக்குப் போனேன். அப்பா என்னைத் தொட்டி ஓரம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அந்தக் கள்ளி தன் பீங்கான் தொட்டியைப் பிளந்துகொண்டு முழங்கால் உயரம் வளர்ந்து, உச்சியில் சிவப்பாக ஒரு பூ விட்டிருந்தது.

“தொரைகிட்டச் சொல்லு. வர்றேன்னு சொன்னவன், பூவாவது பாக்கட்டும்.”

எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. புளியமரத்தடிக்குப் போய் வியட்நாமுக்குப் போட்டேன். எடுத்துவிட்டான். பின்னால் ஒரே பாட்டும் கைதட்டலும். யாருடைய கல்யாணத்திலோ இருக்கிறானாம், என்ன அருமையான மனிதர்கள் என்றான். பூ விட்டதைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன், அப்பா விழுந்ததைச் சொன்னேன். “நீ வரமாட்டாய் என்றால் அதையாவது சொல். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்றேன். துரை உற்சாகமாக, ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கன்னடத்தில் சொன்னான்.

“கண்டிதா பர்தீனி! அப்பாவிடம் சொல். கண்டிதா!”

ஒரு பிழை இல்லாத கன்னடம். போனைப் புளியமரத்தில் அடித்து உடைக்கலாம் போலிருந்தது.

திரும்பி வந்தேன். அப்பா செடிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“என்ன சொன்னான்?”

வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். கடைசியில் அவன் சொன்னதையே சொன்னேன். “கண்டிதமா வர்றேன்னு சொன்னான்பா.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “கண்டிதம்னா சொன்னான்?”

“ஆமாப்பா.”

“எத்தனை தடவ?”

“ரெண்டு தடவ.”

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். “அப்ப வரமாட்டான்” என்றார்.

வாசலுக்குப் போய் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார். காலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விடலாம், பூட்டு எங்கே இருக்கிறது பார் என்றார். ஒன்றரை வருடமாக எதற்காக அவரிடம் கெஞ்சினேனோ அது நடந்துவிட்டது. எனக்கு ஒரு துளிகூடச் சந்தோஷமில்லை. பேச்சு வேண்டுமே என்பதற்காக, செடியை என்ன செய்வது, மைசூருக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“அத எதுக்குத் தூக்கிச் சுமக்கோணும்?” என்றார் அப்பா. “வேலியில நட்டுடு. அதுவும் இப்ப நம்மூருக் கள்ளிதான்.”